பாம்புச்செவிக்காரர் தலையாட்டியது

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் பாம்புச்செவிக்காரர் என்று பெயர். கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். முப்பது வருஷமாக இதே தொழில், இதே தகரக் கூரை. மற்ற கடைக்காரர்கள் கரண்ட் அளக்கிற மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகக் குத்திப் பார்ப்பார்கள். இவர் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வண்டிக்காரரிடம் சாவியைத் திருப்பச் சொல்வார். எங்கோ ஒரு ரிலே, கரண்டைத் திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச், 'டிக்' என்று விழும். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி முனகிவிட்டு அடங்கும். இந்தச் சத்தங்களில் எது வரவில்லை, எது பிந்தி வந்தது என்று கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். பாம்புக்குக் காதே கிடையாது என்று வண்டி விட வந்த வாத்தியார் ஒருவர் ஒருநாள் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதத்தை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கட்டிக்கொண்டவளுக்கே தெரிய வெகுநாள் ஆயிற்று என்றால் இந்த மனிதர் எப்பேர்ப்பட்ட கள்ளர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டில் குழாயை மூடாமல் விட்டார். வயசாகிறது, ஞாபக மறதி என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் எங்கள் பழைய வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். வலதுபக்க இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. திருப்பம் போய்விட்டது, அடுத்த திருப்பமும் போய்விட்டது. பின்னால் வந்தவன் ஹாரனால் திட்டுகிறான். இவர் பாட்டுக்கு முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். வயரிங்காரர் வண்டியில் இண்டிகேட்டர் அணையாமல் எரிகிறது! இவர் காதுக்கு அந்தச் சத்தம் எட்டவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அடுத்த கடை டிங்கர் கடை. ஒடுங்கிய கதவையும் மட்காட்டையும் சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிற கடை. பத்தொன்பது வருஷம் அந்தச் சுத்தியல் இவருடைய இடது காதுக்கு ஆறடி தூரத்தில் விழுந்திருக்கிறது. போதாததற்கு லாரிகளுக்கு ஹாரன் மாட்டுகிற வேலை வேறு. மாட்டிவிட்டு, குனிந்தபடியே அடித்துப் பார்ப்பார்.

நான் எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல பொழுதே போகல, நானும் கடைக்கு வரேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். அவரும் எதுவும் கேட்கவில்லை. அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன் நான் கடைக்குப் போக ஆரம்பித்தது. கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. பெருக்குவேன், டீ சொல்வேன், உருகிப்போன ஃபியூஸையும் நல்ல ஃபியூஸையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பேன். உண்மையான வேலை அதுவல்ல. அவர் வண்டியின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன். ரிலே விழுந்தால் மட்காட்டில் மோதிர விரலால் ஒரு தட்டு. பம்ப் முனகினால் இரண்டு தட்டு. ஒன்றும் வரவில்லை என்றால் சும்மா இருப்பேன். தகரத்தின் வழியாக அவர் உள்ளங்கைக்குப் போய்விடும். இப்படிச் செய்யலாம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒருநாள் தற்செயலாகத் தட்டினேன், அவர் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் இதைவிட நெருக்கமாக நாங்கள் எதையும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வண்டிக்காரர்கள் பேசுவதுதான் தொல்லை. காது மங்கியவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை "ஆங்? ஆங்?" என்று கேட்டு எதிராளியின் உயிரை வாங்கும். இன்னொரு வகை தலையாட்டும். இவர் இரண்டாம் வகை. அதுவும் சாதாரணமான தலையாட்டல் இல்லை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, மெல்ல, ஏதோ எடைபோட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்கிற மாதிரி ஆட்டுவார். பார்ப்பவர்களுக்கு மரியாதை பொங்கும். "அண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு, ஆனா நாம சொல்றத என்னமா கவனிக்கிறாரு பாருங்க" என்று என்னிடமே வந்து மெச்சுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். பின்னால் நின்றுகொண்டு, "ஓகோ, ஹாரன் அடிச்சா லைட்டு மங்குதா சார்?" என்று என் பங்குக்கு உரக்கக் கேட்பேன். என் குரலும் என் உதட்டசைவும் அவருக்குப் பழக்கம். பிடித்துக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். இரண்டு பேர் சேர்ந்து மறைத்ததால் இரண்டு வருஷம் தாங்கியது.

போன மாதம் அவருக்குச் சொல்லாமல் காது டாக்டரிடம் நேரம் வாங்கினேன். சொன்னதும் குதித்தார்.

"எனக்கு என்ன, காது செவிடா?"

"கத்தாதீங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"மெஷின மாட்டிக்கிட்டுத் தெருவுல நின்னா எவன் வண்டிய விடுவான்? பாம்புச்செவின்னு சொன்ன வாயாலயே சிரிப்பானுங்க."

"மாட்டாம நின்னா மட்டும்? நான் ஒருநாள் வரலைன்னா உங்க கதி என்ன?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. அவர் முகம் சுருங்கிவிட்டது. நிதானமாகச் சொன்னார்: "நீ வந்து உக்காந்திருக்கறதாலதான் நான் வேலை பாக்கறேன்னு நினைச்சுட்டு இருக்கியா? வராத. நான் பாத்துக்காட்டறேன்."

"சரி, பாருங்க" என்று பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அது ஒரு வியாழக்கிழமை. வீம்புக்குப் பிறந்தவள் நான். மறுவாரம் புதன் சாயங்காலம்தான் திரும்பினேன். அந்த ஆறு நாளில் நடந்தது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. பின்னால் அவரையும் இவரையும் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

நான் போன மறுநாள், வெள்ளிக்கிழமை, தபால் ஆபீஸ் சாருடைய வண்டி வந்திருக்கிறது. எங்கள் பகுதி தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிறவர். எதையும் முன்கூட்டியே செய்கிற மனிதர். மழை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே வைப்பர் ரப்பர் மாற்றுவார். ஒரே மகள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நர்சிங் படிப்பு நுழைவுத் தேர்வு, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற இன்னோர் ஊரில். பேட்டரிக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது, இரண்டு நாளாக இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளிக்கிழமை சுத்தமாகச் செத்துவிட்டது. தேர்வு நாளில் காலை வாரிவிடக் கூடாதே என்று அன்றே தள்ளிக்கொண்டு வந்து புது பேட்டரி போட்டுக்கொண்டார்.

பழைய வண்டியில் பேட்டரியை மாற்றுவது மட்டும் வேலை இல்லை. மாற்றிய பிறகுதான் வேலையே. பேட்டரியைக் கழற்றினால் வண்டிக்குப் பாதி ஞாபகம் போய்விடும். கடிகாரம் பன்னிரண்டில் நிற்கும். ரேடியோ ரகசிய எண் கேட்கும். ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்று முழிக்கும். என்ஜின் ஏறி இறங்கி மூச்சு வாங்கும். இவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறார். கண்ணாடி சுவிட்சைப் பிடித்தபடியே வைத்திருந்து அதற்கு மேலும் கீழும் மறுபடி கற்றுக்கொடுத்திருக்கிறார். என்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு மூச்சை நிதானப்படுத்தியிருக்கிறார். கையில் குறையே சொல்ல முடியாது, அது இன்றைக்கும் தங்கமான கை.

ஒன்று மட்டும் அகப்படவில்லை. பெட்ரோல் பம்ப்புக்கு எப்போது கரண்ட் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிற சின்னப் பெட்டி ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் உண்டு. பழைய பேட்டரி செத்துச் செத்துப் பிழைத்ததில் அந்தப் பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வண்டி ரொம்ப தூரம் ஓடிச் சூடேறினால், சாவியை எடுத்த பிறகும் ரிலேயை விடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி நிற்கும், பம்ப் மட்டும் பின்சீட்டுக்கு அடியில் தனியாக முனகிக்கொண்டே இருக்கும். விடிய விடிய ஓடினால் புது பேட்டரியையும் உறிஞ்சித் தீர்த்துவிடும். கதவை மூடிவிட்டால் வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. முன்பு இவர் கெட்டிக்காரராக இருந்த காலத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் வண்டியை நன்றாக ஓட்டிக்கொண்டு வந்து, சாவியை எடுத்துவிட்டு, உள்ளேயே ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். இறங்க வேண்டிய சத்தமெல்லாம் இறங்கிவிட்டதா என்று கேட்பதற்காக. எப்போது விட்டாரோ தெரியவில்லை. உட்கார்ந்து என்ன பயன்?

சனிக்கிழமை தபால் ஆபீஸ் சார் மகளைக் கூட்டிக்கொண்டு தேர்வு எழுதுகிற இடத்தைப் பார்த்து வரப் போயிருக்கிறார். வழி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா! போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நன்றாகச் சூடேறியிருந்தது. மகள் பின்சீட்டில் கிடந்த நோட்டுகளை எடுக்க உள் லைட்டைப் போட்டாள், எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் வண்டியில் உயிர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் தன் வண்டிச் சாவியைத் தேடி அகப்படாமல், அப்புறம் வாடகை வண்டி பிடித்து, போய்ச் சேர்ந்தபோது எட்டு நாற்பத்திரண்டு. எட்டரைக்குக் கேட்டை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு நிமிஷம். இனி அடுத்த வருஷம்தான்.

திங்கட்கிழமை சார் பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கரண்ட் கடன் வாங்கி, வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார். இவர் மீட்டர் போட்டுப் பார்த்திருக்கிறார். கரண்ட் எங்கும் கசியாமல் சுத்தமாக இருந்திருக்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். புதன்கிழமை சார் ஏதோ அலுவலாக வெளியூர் போய் வந்தார், வியாழன் காலை வண்டி மறுபடி செத்துக் கிடந்தது.

அந்த வியாழன் மத்தியானம்தான் நான் பார்த்தது. முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தேன். நாங்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் காலையில் அவர் கடைக்குக் கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டினேன், அவரும் தடுக்கவில்லை. மத்தியானம் சார் வண்டி வந்து நின்றது. காலையில் மறுபடி பக்கத்து வீட்டுக்காரர் உபயத்தில் கிளப்பிக்கொண்டு, மகளோடு தேர்வு அலுவலகம் வரைக்கும் போய், இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்களா என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முடியாது என்றுவிட்டார்களாம். அப்பாவும் மகளும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தார்கள்.

சார் இறங்கினார். மகள் பின்சீட்டிலேயே இருந்தாள். பதினேழு வயசிருக்கும். தலையைக் கூடச் சரியாக வாரவில்லை. கொஞ்சம் தண்ணீராவது கொடுப்போம் என்று சொம்போடு போய்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் கேட்டது. 'ம்ம்ம்' என்று சீட்டுக்கு அடியில் ஒரே சீராக ஒரு முனகல். சாவி சாருடைய கையில் இருக்கிறது, என்ஜின் நின்றுவிட்டது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றிவிட்டார். முனகல் டக்கென்று நின்றது. மீட்டரைப் பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் கோத்தார், பார்த்தார், சாரிடம் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், ஒண்ணும் இழுக்கல. சுத்தமா இருக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. மீட்டர் போட வேண்டுமானால் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போய்விடும், போனதும் பிடித்திருந்ததை விட்டுவிடும். மறுபடி இணைக்கும்போது நல்ல பிள்ளையாகிவிடும். டாக்டர் நாடியைப் பிடித்ததும் காய்ச்சல் ஓடிப்போனால் எந்த டாக்டர் கண்டுபிடிப்பார்? கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் காதால் கேட்டால்தான் அகப்படும். அது ஒன்றுதான் வழி. அது ஒன்றுதான் அவரிடம் இல்லை.

"வயர மாட்டுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விடுங்க" என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. என் முகத்தைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் செய்தார். பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தோம். பம்ப் முனகியது. நான் முன்னால் போய் அவர் கைக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். மறுபடி இரண்டு தட்டு. பின்கதவுக்கு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, சீட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். அந்த நடுக்கம் கையில் ஏறியிருக்கும். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஞாயிறு, திங்கள், புதன் என்று அவர் மனசுக்குள் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. 'நல்லா வேணும்' என்றும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலையில் இறங்கினார். அதே மாதிரிப் பெட்டி ஒன்று எங்கள் பழைய சாமான் பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு நான் சாரிடம் போனேன்.

"திங்கக்கிழமை வந்தப்போ என்ன சார் சொன்னாரு?"

"என்னத்தச் சொல்றது? வண்டியில கோளாறு இல்லைன்னு காட்டினாரு. அப்ப நான்தான் கேட்டேன், பொண்ணு சனிக்கிழமை நோட்டு எடுக்கப் போனவ உள் லைட்ட அணைக்காம விட்டுட்டாளோன்னு. ஆமான்னுட்டாரு."

"வாயால சொன்னாரா, தலைய ஆட்டினாரா?"

"தலையத்தான் ஆட்டினாரு. அவர் எங்க பேசறாரு?" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "ஒரு லைட்ட அணைக்கத் துப்பில்லாதவ நர்சாகப் போறாளாம். நோயாளிக்குப் போட்ட ஊசிய எடுக்க மறந்துட்டு வருவா."

அந்தப் பெண் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக வீட்டில் இதுதான் பாட்டு என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பாருங்கள் கொடுமையை. உள் லைட் என்பது கட்டைவிரல் நகம் அளவு பல்பு. புது பேட்டரியை ஒரே ராத்திரியில் கொல்ல அதனால் முடியாது. இரண்டு மூன்று நாள் எரிந்தால்தான் உண்டு. இது எனக்கே தெரியும். சார் கேட்ட கேள்வி இவர் காதில் விழுந்திருந்தால், "அதெல்லாம் இல்ல சார்" என்று சிரித்திருப்பார். விழவில்லை. கண்ணைச் சுருக்கி, எடைபோட்டு, மெல்லத் தலையாட்டியிருக்கிறார்.

இவர் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டு, அணைத்து, சீட்டில் கையை வைத்துப் பார்த்தார். "சரியாயிடுச்சு சார். ஒரு சின்னப் பெட்டி கெட்டிருந்துச்சு. இனிமே நிக்காது." அவ்வளவுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்ல நா எழவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஸ்பேனர்களைத் துடைக்கக் குனிந்தவரிடம் சார் கேட்டார்: "அப்ப, அன்னைக்கு இவ லைட்ட விட்டதுல பேட்டரி அடிபட்டதுதானே இப்ப இது வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கு?"

சார் பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்து இவர் நிமிர்ந்தார். தலையாட்டினார்.

அந்தப் பெண் அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாயங்காலம் சார் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அங்கே போய் வேறு ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிக்கலாம் என்றும் வந்தது. இந்தத் தெருவில் ஒரு பேச்சு காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் எல்லாக் கடையிலும் டீ குடித்துவிட்டு வந்துவிடும். நாளைக்கு யார் வண்டி விடுவார்கள்? இரண்டு வருஷம் நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்தது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"சார், அவருக்குக் காது கேக்காது."

"யாருக்கு?" சார் சிரித்தார். "பாம்புச்செவிக்கா?"

"இப்ப நான் சொல்றது கூட அவருக்குக் கேக்கல. பாருங்க."

இரண்டடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் ஸ்பேனரைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. சாருடைய சிரிப்பு மெல்ல வடிந்தது. என் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். இனி எதற்கு ரகசியம்? செவிடனிடம் பேசுகிற மாதிரியே, தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினேன்.

"திங்கக்கிழமை சார் உங்ககிட்ட ஒண்ணு கேட்டாரு. என்ன கேட்டாருன்னு தெரியுமா?"

அவர் என் உதட்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "வண்டியப் பத்தி..."

"இந்தப் பொண்ணு உள் லைட்ட அணைக்காம விட்டதாலதான் பேட்டரி போச்சான்னு கேட்டாரு. நீங்க ஆமான்னு தலைய ஆட்டியிருக்கீங்க. இப்பவும் அதையேதான் கேட்டாரு. இப்பவும் ஆட்டினீங்க. நாலு நாளா வீட்டுல இவள வறுத்தெடுக்கறாங்க!"

டிங்கர் கடையில் சுத்தியல் நின்றது. இவர் கையில் இருந்த துணியைப் பிடித்தபடியே நின்றார். என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். பாயவில்லை. காதோரம் வரை சிவந்து, பிறகு வெளுத்துப்போனார். மெதுவாக நடந்து பின்கதவுக்குப் போய், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"நீ லைட்ட விட்டியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் தலையாட்டவில்லை. "எனக்குக் காது கேக்காதும்மா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டறியாத வார்த்தை. "என்னப் பாத்து, கத்திச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தொண்டை கிழிகிற மாதிரி கத்தினாள்.

"நான் அணைச்சேன்! அணைச்சுட்டுத்தான் இறங்கினேன்! எத்தன தடவ சொல்றது!"

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை. சார் பக்கம் திரும்பி, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

"அணைச்சுட்டுத்தான் சார் இறங்கியிருக்கா. ராத்திரி பூரா பம்ப் ஓடியிருக்கு. அது எனக்குக் கேக்கல. உங்க பொண்ணு பரீட்சையக் கெடுத்தது நான்தான்."

சார் காரின் மறுபக்கப் பின்கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், வண்டியை ஓட்ட வேண்டியவர் அவர்தான் என்பதே மறந்துபோய்.